தீவுக்கு வண்ணத்துப்பூச்சி தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, மழைக்கோட்டை விட்டுவிட்டுக் கிளம்புவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் யாரும் அவற்றை மறக்கமாட்டார்கள். அண்மையில் புதியவர்கள் இருவர் தங்கள் பயணத் திட்டத்தை என்னிடம் காட்டினார்கள். என் முதல் பயணத்துக்கு நான் போட்ட திட்டத்தை அச்செடுத்தது போல இருந்தது. மனம் பதறிவிட்டது.

செடியை விட்டுவிட்டுப் பூச்சியைத் தேடுவது

யாரோ எடுத்த படத்தைப் பார்க்கிறோம். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு நேராக அங்கே போய் நிற்கிறோம். அருவி என்றால் அது போதும், நம் வரவுக்காக அது நகராது. வண்ணத்துப்பூச்சியோ அன்றைக்கு அந்த வழியாகப் பறந்திருக்கும், அவ்வளவுதான்.

இலங்கையில் மட்டுமே வாழும் பேர்ட்விங் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. கரிய முன்னிறக்கை, பளீரென்ற மஞ்சளில் பின்னிறக்கை. அதற்காகச் சிங்கராஜக் காட்டில் ஒரே பாதை வளைவில் மூன்று நாட்கள் நின்றேன். அட்டைகள் கடித்ததுதான் மிச்சம். நான்காம் நாள் வழிகாட்டி கேட்டார்: “இதன் புழு எந்தக் கொடியைத் தின்னும் என்று பார்த்துவிட்டு வந்தீர்களா?” நான் பார்க்கவில்லை. பேர்ட்விங் புழுக்கள் கருடக்கொடிக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். வளர்ந்த பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் முட்டையிட அந்தக் கொடிக்குத்தான் வந்தாக வேண்டும்.

வளைவிலிருந்து ஐந்து நிமிட நடையில் கொடி இருந்தது. இலைக்கடியில் கருஞ்சிவப்பில் ஒரு புழு, உடலெங்கும் சதைமுட்கள், நடுவில் வெளிறிய பட்டை. காத்திருந்தோம். பெண் பூச்சி வந்தது. முன்கால்களால் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்தது. இறக்கை ஒரு கணமும் ஓயவில்லை. மூன்று நாட்களையும் அங்கே கழித்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்னும் எனக்கு உண்டு.

செடியைத் தெரிந்துகொண்டால் காலமும் பிடிபடும். மத்தியதரைக் கடலின் கோர்சிகா, சார்டினியா தீவுகளில் மட்டுமே உள்ள ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி வகை ஒன்று, பெருங்காய இனத்தைச் சேர்ந்த ஃபெரூலா போன்ற சில செடிகளில்தான் முட்டையிடும். பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை பறக்கும். டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று குளிர்காலத்தில் போனால், தீவு முழுவதும் அது கூட்டுப்புழுவாகத்தான் கிடக்கும். முதலில் செடி, அடுத்து மாதம், அதன் பிறகு டிக்கெட். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

மழைக்கு நாள் ஒதுக்காமல் போவது

வெயில் இல்லாவிட்டால் பூச்சி இறக்கை விரிக்காது. மலையுள்ள தீவில் ஒரு பக்கம் மழை கொட்டும்போது மறுபக்கம் காய்ந்து கிடக்கும். நான்கு நாள் பயணம் என்றால், எல்லா நாட்களுக்கும் ஒரே இடத்தில் அறை எடுக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேக்ரோ லென்ஸ் மட்டும் போதும் என்று நினைப்பது

போதாது. அது மிக அருகில் இருப்பதைப் பெரிதாகப் படமெடுக்கும் லென்ஸ். பேர்ட்விங் மரஉச்சியிலும் பறக்கும். அருகிலும் குவியக்கூடிய 300 மி.மீ. லென்ஸ் ஒன்று வேண்டும்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து படமெடுப்பது

செய்யாதீர்கள். செய்கிறவர்களோடு போகவும் போகாதீர்கள்.

உதிர்ந்த இறக்கையை நினைவுக்காக எடுத்து வருவது

பாதையில் கிடந்ததுதானே என்று தோன்றும். பேர்ட்விங்குகள் அனைத்தும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான பப்புவா நியூ கினியின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங், வணிகத்தையே தடை செய்யும் முதல் பட்டியலில் இருக்கிறது. முழுப் பூச்சிக்கு மட்டுமல்ல, ஒற்றை இறக்கைக்கும் இது பொருந்தும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.