பத்திரப்படுத்தியே பாழாக்கும் பட்டும் புத்தகமும்

கல்யாணப் பட்டும், ஆசைப்பட்டு வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகமும் பல வீடுகளில் ஒரே பீரோவில்தான் குடியிருக்கின்றன. இவை அலட்சியத்தால் கெடுவதைவிடப் பொத்திப் பொத்தி வைத்ததால் கெடுவதே அதிகம். பட்டு என்பது புழு நூற்ற புரதம். காகிதமும் பருத்தியும் செடியின் நார். ஆனாலும் குணம் ஒன்றுதான்: காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். அந்தப் போக்குவரத்தை அடைத்துவிட்டால் தொல்லை ஆரம்பம்.

அடைப்பவற்றில் முதலாவது, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை. அது வீடு வந்து சேரும் வரைக்குத்தான். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாள்பட்ட பி.வி.சி. உறை பிசுபிசுத்து, அமில ஆவியும் விடும். சேலையைச் சுற்ற, துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டியே போதும். தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் தாளின் அமிலமும் மையும் அடியில் இருக்கும் சேலைக்கு ஏறும். பீரோவையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு அங்குலமாவது தள்ளிப் போட வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் முதலில் வருவது அந்தச் சுவரிலிருந்துதான்.

சரிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அசல் சரிகை, பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஆகவே சரிகைக்கு வரும் நோயெல்லாம் வெள்ளிக்கு வரும் நோய்தான். கொலுசு கறுப்பது போலவே, கந்தகம் பட்டால் இதுவும் கறுக்கும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு; அதைப் போட்டுச் சேலையைக் கட்டி வைத்தால் கோடு கோடாகக் கறுப்பதன் காரணம் இதுதான். வியர்வையின் உப்பும் சென்டும் அடுத்த எதிரிகள். சென்டை உடம்பில் அடித்து, அது உலர்ந்த பிறகு சேலையைக் கட்டுங்கள். விசேஷம் முடிந்து வந்த கையோடு மடித்து உள்ளே வைக்காதீர்கள். கொடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் சேலையைப் போட்டு, வெயில் படாமல் ஓர் இரவு காற்றாட விடுங்கள். கம்பிக் கொடியாக இருந்து துண்டும் விரிக்காவிட்டால் துருக்கறை நிச்சயம்.

மடிப்பு அடுத்த விஷயம். பட்டு வளையும், சுற்றியிருக்கும் வெள்ளி அந்த அளவுக்கு வளையாது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் முந்தானைச் சரிகை அந்தக் கோட்டில் விரிந்து, அப்புறம் சேலையே கிழியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி மாற்றுங்கள். மடிப்புக்குள் சுருட்டிய மெல்லிய துணி ஒன்றை வைத்தால் விளிம்பு கூர்மையாகாது. பாட்டி காலத்துச் சேலையை மடிக்கவே வேண்டாம். துணி சுற்றிய அட்டைக் குழாயில் உருளையாகச் சுருட்டுவதே நல்லது. ஐந்துக்கு மேல் அடுக்குவதும் கூடாது; அடிச்சேலை நசுங்கும்.

ஃபால்ஸ் விஷயத்தில் தையற்கடைக்காரர் அவசரப்படுவார், நாம் படக்கூடாது. புது ஃபால்ஸ் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நனைப்பில் ஃபால்ஸ் சுருங்கி, கரை முழுக்கச் சுருக்கம் விழும். சாயம் போகிறதா என்பதும் அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

துவைப்பதில் இரண்டே எச்சரிக்கை. கறை நீக்க நொதி சேர்த்த சலவைத்தூள், புரதத்தைத் தின்னத்தான் தயாரானது, பட்டும் புரதமே. ப்ளீச் இன்னும் மோசம், பட்டையே கரைக்கும். புதுத்துணியில் மஞ்சள் வைப்பவர்கள் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே செருகும் முனையில் வையுங்கள். மஞ்சள் காரச் சோப்பில் பட்டால் சிவந்து, கறை பெரிதாகத் தெரியும்.

அந்துருண்டையை நேரடியாகத் துணிமேல் போடாதீர்கள். அது உருகாமலே ஆவியாகும் பொருள். அந்த ஆவி பீரோவிலுள்ள துணி அத்தனையிலும் ஏறும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்த வாடை ஏறிய துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரக் கூடும். பீரோவிலிருந்து சேலை எடுத்துத் தூளி கட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்துக் கற்பூரம் சேர்த்த பொடி முடிச்சு, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு நடுவே வைக்கப்பட்டு வந்தது. வீட்டுக்கும் அது பொருந்தும். வாசம் போனதும் பொடியை மாற்ற வேண்டும். முடிச்சு சரிகையைத் தொடக் கூடாது.

ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது மாவுச்சத்து. கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் பசை தடவிய புத்தக முதுகும் அதற்கு ஒரே பந்திதான். நீண்ட நாள் எடுக்காத பருத்திச் சேலையைக் கஞ்சி போக அலசிய பிறகே உள்ளே வையுங்கள்.

புத்தகம் வாங்கும்போது அட்டையில் மயங்குவதுதான் நாம் எல்லாரும் செய்யும் தவறு. தலைப்பக்கத்திலிருந்து முதுகைப் பாருங்கள். மடித்த தாள் கொத்துகள் தெரிந்து, ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் நூல் இருந்தால் தைத்த கட்டு. முதுகு வெட்டுப்பட்டு வெறும் பசை மட்டும் இருந்தால், எவ்வளவு அழகான வடிவமைப்பானாலும் நாலு முறை விரித்தால் பக்கங்கள் கழன்று வரலாம். தாளின் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குறுக்கே ஓடினால் புத்தகம் முரண்டு பிடிக்கும், மழைக்காலத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும்.

புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து திறக்காதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, இரு அட்டைகளையும் சாய்த்து, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறி நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது மேல் விளிம்பில் விரல் கொக்கி போட்டு இழுத்தால் முதுகுத் துணி அங்கேதான் பிய்யும். பக்கத்துப் புத்தகங்களை உள்ளே தள்ளிவிட்டு, முதுகின் நடுவில் பிடித்து எடுங்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். டேப் உரிந்துவிடும், அதன் பழுப்புப் பசை மட்டும் தாளிலேயே தங்கும். உள்ளே வைத்த செய்தித்தாள் துண்டும் அரசிலையும் அடுத்த பக்கத்தில் தம் உருவத்தைப் பதித்துவிட்டுப் போகும். (மயிலிறகு குட்டி போடும் வயதினருக்கு மட்டும் விலக்கு.)

சரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் துணி அட்டையில் பட்டால் போகாது. மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதில் பொட்டு வையுங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

வெள்ளத்தில் நனைந்தால்? சாதாரணத் தாள் என்றால் இடையிடையே வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும். வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் படப்புத்தகத்தை அப்படியே காயவிட்டால் பக்கங்கள் ஒட்டிக் கல்லாகும். பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்துவிடுங்கள். அன்றைக்கு நேரமில்லையா? பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பிரியுங்கள்.