முதுகில் கை வைத்தால் நிற்கிறதா?

பன்றி வளர்க்கத் தொடங்கிய புதிதில், பிறப்புறுப்பு சிவந்து வீங்கியதுமே ஆண்பன்றியை உள்ளே விட்டுவிடுவேன். 21 நாள் கழித்து அதே தாய்ப்பன்றி சினை பிடிக்காமல் மறுபடியும் பருவத்துக்கு வந்து நிற்கும். குறை ஆண்பன்றியிடம்தான் என்று நினைத்து அதை மாற்றியும் பார்த்தேன். பாவம், அது என்ன செய்யும்? அவசரம் என்னுடையது.

சிவப்பு ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. முதுகில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினால், காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறதே, கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் சிவப்பு பெரும்பாலும் மங்கியிருக்கும்.

இந்தச் சோதனையைக் காலை, மாலை இரண்டு வேளையும் செய்ய வேண்டும். ஆண்பன்றி மூக்கோடு மூக்கு வைக்கும்படி எதிரே நின்றால் இன்னும் நல்லது. அதன் எச்சில் வாசனைக்கே பாதி வேலை முடியும். ஆனால் நாள் முழுக்கப் பக்கத்து அறையிலேயே அதை வைத்திருந்தால் வாசனை பழகிப்போய் தாய்ப்பன்றி கண்டுகொள்ளாது. நான் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாவது அதைத் தள்ளி வைத்துவிடுவேன்.

நிற்கத் தொடங்கி ஏறக்குறைய 36 முதல் 44 மணி நேரத்தில்தான் கருமுட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம். விந்து ஒரு நாள் வரை தாங்கும். அதனால் விந்து முன்னமே போய்க் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஈன்ற பன்றி இன்று காலை நின்றால், நான் நாளைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை சேர்ப்பேன். முதல் ஈத்துப் பன்றிக்குப் பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு இன்று மாலை, நாளைக் காலை.

குட்டி பிரித்த நாளையும் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு நாளிலேயே பருவத்துக்கு வரும் பன்றி நீண்ட நேரம் நிற்கும், அவசரமில்லை. ஏழு நாளுக்கு மேல் இழுத்தடித்து வருவது சட்டென்று முடித்துக்கொள்ளும். பார்த்தவுடன் சேர்த்துவிட்டு, 12 மணி நேரம் கழித்து மறுபடியும் சேருங்கள். நிற்பதை நிறுத்திய பன்றியை மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம். கர்ப்பப்பையில் கிருமி சேரும்.

வெயில் நேரத்தில் சேர்ப்பதில்லை. சேர்த்த பிறகு ஒரு மாதம் இடம் மாற்றுவதோ மற்ற பன்றிகளோடு சண்டைக்கு விடுவதோ கிடையாது. தேதியைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடுவேன். 18 முதல் 24 நாள் வரை ஆண்பன்றியை தினமும் எதிரே நடத்திக் காட்டுவேன். நிற்காவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று கொண்டு, அந்தத் தேதிக்குக் கீழே 114 நாளைக் கூட்டி, ஈனும் நாளையும் எழுதி வைப்பேன்.