ஜிம்மில் சேரும்போது செய்யும் தவறுகள்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஜிம் பார்க்கப் போகும் பலர் வேலை இல்லாத ஒரு மதியத்தில் போய்ப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், ட்ரெட்மில் எல்லாம் காலியாக இருக்கும், மாஸ்டர் கூடவே வந்து ஒவ்வொன்றையும் விளக்குவார். நீங்கள் தினமும் வரப்போவது மாலை ஏழு மணிக்கு என்றால், மதியம் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நம் ஊர் ஜிம்களில் காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரையும்தான் கூட்டம். நீங்கள் வர நினைக்கும் அதே நேரத்தில், ஒரு வாரநாளில் போய் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். ஒரு பயிற்சியை மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்) செய்து, நடுவில் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்தால் எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். ஆறு பயிற்சிக்கு ஒரு மணி நேரம். இரண்டு கருவிகளில் மட்டும் உங்களுக்கு முன்னால் கருவிக்கு ஒருவர் காத்திருந்தாலே அந்த ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிடும். அலுவலகம் விட்டு வருகிறவர் இரண்டு வாரம் பொறுப்பார், மூன்றாவது வாரம் நின்றுவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் விட்டுப்போவதற்குச் சோம்பலைவிட இந்தக் காத்திருப்புதான் பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

தூரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, நீங்கள் ஏற்கனவே போய்வரும் வழியில் அது இருக்கிறதா என்பது முக்கியம். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் தேங்குமா என்பதை அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டுவது

அதிகப் பணம் போவது இங்கேதான். மாதம் 1,500 ரூபாய், வருஷத்துக்குக் கட்டினால் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி மாதம் 1,000தான், லாபம் போலத் தெரியும். ஆனால் ஐந்து மாதம் வந்துவிட்டு நின்றுபோனால் மாதத்துக்கு 2,400 கொடுத்திருக்கிறீர்கள். எட்டு மாதம் தொடர்ந்து வந்தால்தான் இரண்டும் சமமாகும். அதற்கு மேல் வந்தால் மட்டுமே சேமிப்பு.

தான் அடிக்கடி வருவோம் என்று கூடுதலாக மதிப்பிடுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் நான்கு முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அதே ஜிம்மில் பத்து முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று மாதம் என்று கட்டுங்கள். அந்த நான்கு மாதத்தில் வாரம் மூன்று நாளாவது வந்திருந்தால் அப்போது வருஷக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். "இன்னைக்கு ஒருநாள்தான் சார் இந்த ரேட்" என்பார்கள். புத்தாண்டுக்கு வந்த ஆஃபர் பொங்கலுக்கும் வரும், ஆடிக்கும் வரும். அவசரப்பட வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இன்னும் திறக்காத கிளைக்கு "முன்பதிவுச் சலுகை" என்று சொல்லி வருஷப் பணம் வாங்கினால் கட்டாதீர்கள். திறப்பது தள்ளிப்போனாலும், திறக்காமலே போனாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அடுத்தது இ.எம்.ஐ. மாதத் தவணை என்று சொல்லி போனில் ஓ.டி.பி. கேட்டால், பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கடன் எடுக்கிறார்கள் என்று பொருள். ஜிம்முக்கு முழுப் பணமும் அன்றே போய்விடும். நாளைக்கு ஜிம் மூடினாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிபடும்.

சொல்லும் தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையக் கட்டணத்துக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்னும் 18 சதவீதம் போட்டால் பில்லைக் காட்டிக் கேட்கலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஜிம்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர்கள் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கருவிகளைத் தொட்டுப் பார்க்காமல் வருவது

எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. இருப்பவை எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்பதுதான் கேள்வி.

முதலில் லாட் புல்டவுன் மெஷினிடம், அதாவது உட்கார்ந்து மேலிருக்கும் கைப்பிடிக் கம்பியைக் கீழே இழுக்கும் கருவியிடம் போங்கள். உள்ளே எஃகுக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை, அதுதான் கேபிள். அது அறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கப்பியைச் சுற்றி வளையும் பகுதியிலும், கைப்பிடியோடு பிடிக்கப்பட்ட முனையிலும். அங்கே உறை வெடித்து மெல்லிய இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கம்பி உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது. முழு எடையில் இழுக்கும்போது அறுந்தால் கைப்பிடிக் கம்பி நேராக முகத்துக்கு வரும். பிறகு எடையைத் தேர்வு செய்யும் பின்னைப் பாருங்கள். அதற்குரிய பின் தொலைந்து, போல்ட்டையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகியிருந்தால் அது பாதியில் நழுவக்கூடும். இவ்வளவு சின்னப் பொருளைக்கூட வாங்கிப் போடாத இடத்தில் மற்றவை எப்படி இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ட்ரெட்மில்லில் சட்டையில் மாட்டும் கிளிப்போடு ஒரு சிவப்புச் சாவி இருக்க வேண்டும். இருபக்க ஓரத்தில் காலை வைத்துக்கொண்டு மெதுவாக ஓடவிட்டு அந்தச் சாவியை இழுங்கள். பெல்ட் உடனே நிற்க வேண்டும். சாவி இருக்கும் இடத்தில் காந்தத்தை ஒட்டவைத்து ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்படியென்றால் நீங்கள் விழுந்தாலும் பெல்ட் தானாக நிற்காது. ட்ரெட்மில்லின் பின்னால் சுவரோ வேறு மெஷினோ நெருக்கமாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். தடுமாறி விழுகிறவரைப் பெல்ட் பின்னால்தான் தள்ளும்.

எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ரேக்கில் இருபக்கமும் எடையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உண்டா, ராடில் (எடை மாட்டும் நீளக் கம்பி) பிளேட் (வட்ட எடை) நழுவாமல் பிடிக்கும் லாக் ஜோடியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், கவனிக்காமல் விடுவது எடைகளின் இடைவெளி. டம்பெல் 5 கிலோவில் தொடங்கி அடுத்தது 7.5 என்றால் ஒரே தாவலில் 50 சதவீதம் கூடுகிறது. தோள்பட்டைப் பயிற்சியில் அந்தத் தாவல் முடியாது, மாதக்கணக்கில் அதே எடையில் நிற்க வேண்டியதுதான். 1, 2, 3, 4 கிலோ டம்பெல்களும் 1.25 கிலோ பிளேட்டுகளும் இருக்கும் ஜிம்மில்தான் படிப்படியாக ஏற முடியும். ராடின் எடையையும் கேளுங்கள். ஏழடி நீள ஒலிம்பிக் ராட் 20 கிலோ. உள்ளூர் ஜிம்களில் உள்ள மெல்லிய, குட்டை ராடுகள் அதில் பாதிகூட இருக்காது. இது தெரியாமல் ஜிம் மாறுகிறவர் "அங்கே 40 கிலோ தூக்கினேன்" என்று அதே பிளேட்டைப் போட்டு முதுகைப் பிடித்துக்கொள்வார்.

மாஸ்டரின் உடம்பைப் பார்த்து நம்புவது

நல்ல உடம்பு வைத்திருப்பது ஒரு திறமை. அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு திறமை. பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) படித்தவரா, பயிற்சியாளர்களுக்குச் சான்று தரும் ஏ.சி.இ., என்.எஸ்.சி.ஏ. போன்ற அமைப்புகளின் சான்றிதழ் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். சி.பி.ஆர். (இதயம் நின்றால் மார்பை அழுத்திச் செய்யும்) முதலுதவி தெரிந்தவர் உங்கள் நேரத்தில் அங்கே இருப்பாரா என்றும் கேளுங்கள். யோகா என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சான்றிதழைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. புதியவரிடம் அவர் முதலில் என்ன கேட்கிறார்? சுகர், பிபி, மூட்டுவலி, அறுவைச் சிகிச்சை, சாப்பிடும் மாத்திரை என்று விசாரிக்காமல் நேராக வார்ம்-அப்புக்கு அனுப்பினால் அது நல்ல அறிகுறி இல்லை. முதல் நாளே நூறு ஸ்குவாட் போடவைத்து, "வலிச்சாதான் உடம்பு ஏறும்" என்று சொல்கிறவரிடமிருந்து விலகிவிடுங்கள். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஓரிரு நாளில் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் சாதாரண வலி என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு ஒன்று, இரண்டு செட் போதும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் சேர்வதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். பயிற்சிக்கு முன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் போய் மயங்கி விழுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

புரோட்டீன் பவுடர் விற்பனையில் மாஸ்டருக்குக் கமிஷன் இருக்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கினால் சீல் உடையாத டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், பேட்ச் எண், இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். கவரில் பிரித்துத் தரும் பவுடர் வேண்டவே வேண்டாம். "கோர்ஸ் போடலாம்" என்று ஊசியோ மாத்திரையோ பேச்சில் வந்தால் அந்த இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். அவை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத ஸ்டீராய்டுகள். இதயம், கல்லீரல், குழந்தைப்பேறு மூன்றையும் கெடுப்பவை.

வேறு வழி இருப்பதை மறப்பது

எல்லோருக்கும் ஏ.சி. ஜிம் தேவையில்லை. பல மாவட்ட விளையாட்டு அரங்குகளிலும், மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களிலும் குறைந்த செலவில் பயிற்சி செய்யலாம். முதலில் அங்கே விசாரியுங்கள். பூங்காவில் உள்ள திறந்தவெளிக் கருவிகள் மூட்டுகளை அசைக்க உதவும். ஆனால் எடையைக் கூட்ட வழி இல்லாததால் தசை வலுவுக்கு அவை மட்டும் போதாது.

ஸூம்பா, ஏரோபிக்ஸ் வகுப்பு என்றால் தரையைப் பாருங்கள். கிரானைட், டைல்ஸ் மேல் நேரடியாகக் குதிக்கவைத்தால் முழங்காலும் அதற்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பும் வலியெடுக்கும். மரத்தரை அல்லது தடிமனான ரப்பர் விரிப்பு வேண்டும்.

பெண்களுக்கான தனி நேரம் உண்டு என்பார்கள். அது காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படாது. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது

வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. உடம்பு சரியில்லாமலோ வெளியூர் போயோ வர முடியாத நாட்களைச் சேர்த்துத் தருவார்களா, அதிகபட்சம் எத்தனை நாள், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா, கிளை மூடினால் மீதிப் பணம் என்ன ஆகும், பி.டி. (ஒருவருக்கு மட்டும் தனிப் பயிற்சி) எடுத்தால் அந்த மாஸ்டர் நின்றுபோனபின் மீதி வகுப்புகள் யாரிடம் என்பதெல்லாம் படிவத்திலோ, குறைந்தது வாட்ஸ்அப் செய்தியிலோ எழுத்தில் வர வேண்டும். உங்கள் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜிபே-யில் பணம் அனுப்பினால் ஜிம் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள், மாஸ்டரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

ரசீதில் "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், சேவையில் குறை இருந்தால் புகார் செய்யும் உரிமை போய்விடாது. ஆனால் உங்களுக்கு வர மனமில்லை என்பது சேவைக் குறைபாடு ஆகாது. கிளையை மூடியது, மாதக்கணக்கில் ஏ.சி. ஓடாதது, சொன்ன பயிற்சியாளரை வைக்காதது போன்றவற்றைத்தான் குறைபாடாகக் காட்ட முடியும். முதலில் ஜிம்முக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.