லோரோங் கூலிட் தகரக் கோழி

பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய தகரக் கோழி பொம்மை. சாவி கொடுத்தால் ஒரு கொத்து, அப்புறம் நின்றுவிடும். சுருள்வில் உடைந்திருக்கும் என்று பயந்தேன். இல்லை, பழைய எண்ணெய் பிசினாக இறுகிப் பல்சக்கரங்களைப் பிடித்திருந்தது.

அடிப்பக்கத் தகர நாக்குகளை நிமிர்த்திப் பிரிக்கவில்லை. பழைய தகரம், ஒடிந்துவிடும். முன்பு ஒரு பொம்மைக் காரை அப்படித்தான் கெடுத்தேன். முறுக்கு முழுதும் இறங்கியபின், சாவித் துளை வழியே லைட்டர் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தேநீர் நிறத்தில் அழுக்கு வழிந்தது. மூன்று தடவை. நன்றாகக் காய்ந்ததும் அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையளவு.

சாயத்தின்மேல் ஸ்பிரிட் கூடவே கூடாது. எச்சில் தொட்ட பஞ்சால் துடைத்தாலே போதும். அம்மாதான் முகம் சுளித்தார். வாலில் இருந்த துருவை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது மேசை விளிம்புவரை கொத்திக்கொண்டே போகிறது.