நெஞ்சில் நீர் எடுக்கும்போது கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"மொத்தத் தண்ணியையும் ஒரே தடவையில எடுத்துடச் சொல்லுங்க சிஸ்டர், திரும்பத் திரும்ப ஊசி வேண்டாம்." நெஞ்சக நோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த காலத்தில், நோயாளியின் மகனோ மருமகளோ என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் டாக்டர் அதற்கு இணங்கினால் நோயாளிக்குத்தான் ஆபத்து. அதனால் கூட இருப்பவர் எதைக் கேட்கலாம், எதைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்த நீர் நுரையீரலுக்கு உள்ளே இல்லை. நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் சேர்கிறது. நம் எல்லோருக்கும் அங்கே சில ஸ்பூன் அளவு நீர் உண்டு. நுரையீரல், மார்பகம், சினைப்பை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களுக்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அது லிட்டர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை அமுக்கும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் இது குறையாது. தாகத்தோடு தவிக்கவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீர் இருக்கிறது என்று ஸ்கேனில் வந்த உடனே ஊசி போட்டாக வேண்டும் என்பதும் இல்லை. என்ன நோய் என்று பார்க்க நீரை லேபுக்கு அனுப்புவது வேறு விஷயம். மற்றபடி மூச்சுத்திணறலே இல்லாதவருக்கு எடுப்பதால் லாபம் கிடையாது, ஊசியின் ஆபத்து மட்டும் மிச்சம். லிம்போமா போன்ற சில நோய்களில் கீமோ வேலை செய்யும்போது நீர் தானாக வற்றுவதும் உண்டு. ஆகவே முதல் கேள்வி: "இப்போ எடுத்தே ஆகணுமா டாக்டர்?"

ஊசிக்கு முன்னால்

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான், வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஹெப்பாரின் ஊசி என்று எதுவாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. கடைசி கீமோ தேதியும் முக்கியம். கீமோவுக்குப் பிறகு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கும். 50,000-க்குக் கீழே என்றால், அவசரம் இல்லாத பட்சத்தில் டாக்டர்கள் யோசிப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் கிருமி தொற்றும் பயம் கூடுதல்.

அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்கேன் பார்த்துப் போடும்போது நுரையீரலில் ஊசி படுவதும், கல்லீரல், மண்ணீரல் பக்கம் இறங்குவதும் நன்றாகக் குறைகிறது. வலதா இடதா என்பதையும் நோயாளியோடு சேர்ந்து நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இன்னொன்று. "அப்பாவுக்கு எதுவும் தெரியாது, சளி கட்டியிருக்குன்னு சொல்லியிருக்கோம்" என்று காதோரமாக வந்து சொல்வார்கள். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் குடும்ப முடிவு, சரி. ஆனால் முதுகில் மரப்பு ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி நீர் எடுக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டியும் ரத்தக்குழாய் ஓடுகிறது. அதைத் தவிர்க்கத்தான் அடுத்த எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குகிறார்கள். அந்த நேரத்தில் விவரம் தெரியாமல் மிரண்டு திரும்பினால் என்ன ஆகும்? மேஜைமேல் தலையணை வைத்து முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், இருமல் வந்தால் முதலில் கையை லேசாகத் தூக்க வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

எடுக்கும்போதும் அதற்குப் பிறகும்

ஒரே அமர்வில் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரைதான் எடுப்பார்கள். பல நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால், அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இந்த முறை நுரையீரலுக்கு உள்ளேயே நிறைந்துவிடலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நுரையீரல் விரியும்போது கொஞ்சம் இருமல் வருவது சகஜம். நிற்காத இருமல், நெஞ்சை இறுக்குவது, தலைசுற்றல் இவை வந்தால் உடனே சொல்ல வேண்டும், டாக்டர் நிறுத்திவிடுவார். நம் ஆட்கள், குறிப்பாக வயதானவர்கள், டாக்டருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இருமலை அடக்கிக்கொள்வார்கள். அடக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

நீர் சிவப்பாக வந்தால் பதறாதீர்கள். புற்றுநோயில் ரத்தம் கலந்த நீர் வருவது அதிசயம் இல்லை. முகம் வெளிறி, வியர்த்து, நாடி வேகமாக ஓடுவதுதான் உள்ளே ரத்தம் கசிவதற்கான அறிகுறி.

முடிந்த பிறகு முதல் சில மணி நேரம் கண்காணிக்க வேண்டியது காற்று. ஊசி நுரையீரலில் பட்டால் சவ்வுகளுக்கு நடுவே காற்று புகுந்துவிடும். அந்தப் பக்கம் சுருக்கென்று வலி, எடுப்பதற்கு முன் இருந்ததைவிட அதிகமான திணறல் என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சிறிய அளவுக் காற்று தானாகக் கரையும். பெரிதாக இருந்தால் குழாய் வைக்க வேண்டிவரும். வெளியூர்க்காரர்கள் அன்றைக்கே இரவு பஸ் பிடித்துப் போகாமல், தெரிந்தவர் வீட்டிலாவது தங்கிவிட்டுப் போவது நல்லது. நடுவழியில் திணறினால் 108 வந்து சேரும் வரை என்ன செய்வீர்கள்? அடுத்த சில நாட்களில் குளிர்காய்ச்சல் வந்தாலோ, ஊசி போட்ட இடம் சிவந்து சீழ் வந்தாலோ கிருமி தொற்றியிருக்கலாம். காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு எடுத்தார்கள், படுத்துத் தூங்க முடிந்ததா, பாத்ரூம் வரை நிற்காமல் நடந்தாரா, திணறல் எந்த நாளில் திரும்ப வந்தது. எவ்வளவு எடுத்தார்கள் என்பதுதான் பலருக்கும் நினைவில் நிற்கும். டாக்டருக்கு அதைவிட முக்கியம் எடுத்த பிறகு மூச்சு லேசானதா என்பது. லேசாகவே இல்லை என்றால் திணறலுக்கு வேறு காரணம் இருக்கலாம், நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு மறுபடி மறுபடி நீர் எடுப்பது வீண் ரணம்.

ஊசி பட்டால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும் என்ற பயத்தில் திணறிக்கொண்டே வீட்டில் இருப்பவர்கள் உண்டு. நீர் எடுப்பதால் நோய் உடம்பெல்லாம் பரவுவதில்லை. ஊசியோ குழாயோ போன வழியில் தோலுக்கடியில் சிறு கட்டி வருவது மட்டும் எப்போதாவது நடக்கும். அதிகமும் மீசோதெலியோமா என்ற சவ்வுப் புற்றுநோயில்தான்.

நீர் திரும்பி வந்தால்

பலருக்கும் ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடும். அப்போது இரண்டு வழிகளைச் சொல்வார்கள்.

ஒன்று, குழாய் வைத்து நீரை வடித்து, உள்ளே மருந்து செலுத்தி இரண்டு சவ்வுகளையும் ஒட்டவைப்பது. டால்க் போடுவார்கள். கிருமி நீக்கிய மருத்துவ டால்க் அது, முகத்துக்குப் பூசும் பவுடர் இல்லை. நம் ஊரில் பல இடங்களில் போவிடோன் அயோடின் கரைசலும் பயன்படுகிறது. தைராய்டு கோளாறோ அயோடின் அலர்ஜியோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். இது நன்றாக வலிக்கும். "வலி மருந்து எப்போ குடுப்பீங்க?" என்று மருந்து செலுத்துவதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம். மிக நுண்ணிய துகள் உள்ள டால்க் ரத்தத்தில் கலந்து மற்ற நுரையீரலையும் பாதித்த சம்பவங்கள் உண்டு, அதனால்தான் பெரிய துகள் டால்க்கைப் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சலோடு திணறலும் ஏறினால் அதைச் சகஜம் என்று விடாதீர்கள். நுரையீரல் விரியாமல் சிக்கிக் கிடப்பவருக்கு ஒட்டாது. "எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிஞ்சிருக்கா?" என்ற ஒரு கேள்வி வீண் வலியைத் தவிர்க்கும்.

குழாய் இருக்கும்வரை, நீர் வடிந்து சேரும் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். வார்டில் தரை துடைக்க வருவார்கள். அட்டெண்டர் உதவியாக நினைத்து பாட்டிலைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பார். பாட்டிலில் இருப்பது நெஞ்சுக்குள் திரும்பிப் போக அந்த ஒரு நிமிஷம் போதும். துடைப்பவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள், அல்லது சிஸ்டரைக் கூப்பிடுங்கள். குழாயை அடைக்கும் கிளிப்பான கிளாம்ப்பை நீங்களாகப் போடவோ எடுக்கவோ கூடாது. குழாய் நெஞ்சிலிருந்து உருவி வந்துவிட்டால் சுத்தமான பஞ்சுத்துணியால் ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வழி, தோலுக்கடியில் ஓட்டி வைக்கும் மெல்லிய சிலிக்கான் குழாய். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம். நுரையீரல் விரியாதவர்களுக்கும் இது பயன்படும், ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களும் குறையும். 2012-ல் வெளியான டைம்-2 ஆய்வில், மூச்சுத்திணறலைக் குறைப்பதில் இதற்கும் டால்க்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எதை எடுப்பது என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. சோப்புப் போட்டுக் கை கழுவி, கையுறை மாட்டி, அவசரப்படாமல் வடிக்கிற ஒருவர் வீட்டில் இருக்கிறாரா? மாதாமாதம் பாட்டிலுக்கோ பைக்கோ செலவழிக்க முடியுமா? குழாய் அடைத்துக்கொள்வதும் கிருமி தொற்றுவதும்தான் இதில் முக்கியமான ஆபத்துகள். நீர் கலங்கினாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். வடிக்கிற நீரோடு புரதமும் போகும், அதனால் முட்டை, பருப்பு, மீன் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள்.

எழுந்து உட்காரவே முடியாத நிலைக்கு வந்துவிட்டவருக்கு இந்த இரண்டுமே வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தேவைப்படும்போது ஊசியால் கொஞ்சம் எடுத்து, குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்து, ஃபேன் காற்று முகத்தில் படும்படி தலையை உயர்த்திப் படுக்கவைத்தாலே பலருக்குத் திணறல் தணியும். மார்ஃபின் பேரைக் கேட்டதும் பயந்து மறுக்காமல், வலி தணிப்பு சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அதே டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.