பெரியம்மாவின் கைநாட்டும் வங்கிப் புத்தகமும்

நுவரெலியாவுக்கு அருகே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் பெரியம்மாவுக்கு, ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணிக்கொடையும் கிடைத்துச் சில ஆண்டுகளில் ஞாபகம் முற்றாகக் குழம்பிவிட்டது. உறவினர் ஒருவர் அவரை மாதந்தோறும் வங்கிக்கு அழைத்துச் சென்று, கைநாட்டு வைக்கச் செய்து பணம் எடுத்து வந்தார் என்பதை, வங்கிப் புத்தகத்தைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் அறிந்தேன்.

முதலில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு ஒருவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அது என் தவறு. எழுதிக் கொடுப்பவருக்கு விளங்கும் ஆற்றல் இருந்தால்தான் அது செல்லும் என்று சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி விளக்கினார். வசதி குறைந்தவர்களுக்கு உதவ 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அது.

அவர் காட்டிய வழி, குடியியல் வழக்குகளை நடத்தும் முறையைக் கூறும் சட்டமான குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 39ஆம் அத்தியாயம். சித்த சுவாதீனமற்றவர் என அச்சட்டம் குறிப்பிடும் ஒருவருக்குச் சொத்து இருப்பின், அவர் வசிக்கும் பிரதேசத்தின் மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தி, அச்சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கலாம். (‘சித்த சுவாதீனமற்றவர்’ என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.) மனநல வைத்தியரின் அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வங்கிக் கூற்று ஆகியவற்றை இணைத்து விண்ணப்பித்தோம்.

இப்போது நான் முகாமையாளர். வரவு செலவுக் கணக்கை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றிச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அந்த உறவினர் எடுத்த பணத்தில் பாதிதான் திரும்பியது.