செடி வைத்த மீடியனும் யூ டர்னும்: புது ரோட்டில் ஓட்டுவது எப்படி

கோவையில் சில வருஷமாகவே பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு, சென்டர் மீடியனை அடைத்து, கொஞ்சம் தள்ளி யூ டர்ன் விட்டிருக்கிறார்கள். எதிரே தெரிகிற கடைக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறதே என்று எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் பழைய ரோட்டில் ஓட்டிய பழக்கத்திலேயே இங்கேயும் ஓட்டினால் சிக்கல், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திரும்ப வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வலது பக்கம் ஒதுங்கலாம் என்று நினைக்காதீர்கள். இருநூறு, முந்நூறு மீட்டர் முன்பே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வலது லேனுக்கு வந்துவிடுங்கள். தவறிப்போச்சா, விடுங்கள், அடுத்த யூ டர்னில் திரும்பிக்கொள்ளலாம். சடன் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் உங்கள் மேல்தான் ஏறுவான்.

திரும்பும்போது எதிர்ப்பக்க வண்டிகள் உங்களுக்கு இடது பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்கம்தான் மீடியனில் அரளி அடர்ந்து நிற்கும், காரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் தலையும் சேர்ந்து மறைக்கும். மீடியனின் ஓரக் கல் முடிகிற கோட்டைத் தாண்டி வண்டியின் மூக்கை நீட்டாமல் நின்று, முன்னால் சாய்ந்து பாருங்கள். அறுபதில் வருகிற வண்டி ஆறு வினாடியில் நூறு மீட்டர் வந்துவிடும், நீங்கள் திரும்பி வேகம் பிடிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். அதனால் வண்டி நூறு மீட்டருக்குள் இருந்தால் போக விடுங்கள், பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். பஸ்ஸோ லாரியோ திரும்பினால் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே திரும்புவது வேண்டவே வேண்டாம், அது அகலமாக வட்டம் போடும், டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

திரும்பியதும் நீங்கள் நிற்பது வேகமாகப் போகிற லேன். கடை இடதில் இருக்கிறதே என்று ஒரே வெட்டாக வெட்டாதீர்கள்.

அரளியை ஏன் வைத்தார்கள் என்றால், எதிர் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, விஷம் என்பதால் ஆடு மாடும் கடிக்காது. (பூ அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் பறித்து வாயில் வைக்க விடாதீர்கள்.) ஆனால் அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, காலை நேரத்தில் டேங்கர் வலது லேனில் ஊர்ந்துகொண்டிருக்கும், குழாயைப் பிடித்துக்கொண்டு ஆளும் நடப்பார். இரவில் இன்னொரு தொல்லை, மீடியன் தொடங்குகிற முனையில் பல இடங்களில் ரிஃப்ளெக்டர் இருக்காது. தெரியாத ரோடு என்றால் வலது ஓரத்தை விட்டு ஓட்டுங்கள்.

நடந்து கடக்கிறவர்கள் செடிக்கு நடுவே புகுந்து குதிக்காதீர்கள். திறப்பு இருக்கிற இடத்தில், முதல் பாதிக்கு வலது பக்கம் பார்த்து, மீடியனில் நின்று, அடுத்த பாதிக்கு இடது பக்கம் பார்த்துப் போங்கள்.

அப்புறம் அந்த ராங் சைடு ஆசை. "பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே" என்று ஓரமாக எதிரே வருகிறவர்கள்தான் இந்த மாதிரி ரோட்டில் பெரிய ஆபத்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் இதுவும் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்கிறது, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. ஒரு கிலோமீட்டர் சுற்றினால் சில ரூபாய் பெட்ரோல்தான் ஆகும்.